வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நலமாக இருந்த ஃபயர்வால்

போன மாதம் ஆம்பூரிலிருந்து ஹரிணி என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற தோல் கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். கம்பெனி மெயில் முழுவதும் கிளவுடுக்குப் போய்விட்டதாம். பழைய சர்வர் அறையைக் காலி செய்து சாம்பிள் ரூம் ஆக்கப் போகிறார்களாம்.

"மேடம், ரூம் ஒரே இருட்டா இருக்குது. ஜன்னல் இருந்த எடத்த செங்கல் வச்சு அடச்சிருக்காங்க. ஒடச்சி மறுபடியும் ஜன்னல் வச்சுக்கலாம்னு பாத்தா, உங்கள ஒரு வார்த்த கேக்காம அந்தச் செவுத்துல கை வைக்கக் கூடாதுன்னு எங்க ஹெட் மேடம் சொல்லிட்டாங்க. அதுல இன்னா மேடம் இருக்குது?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அப்போது அடுப்பில் பாலும் பொங்கிக்கொண்டிருந்தது. "எழுதி அனுப்பறேம்மா" என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான், அந்தச் சுவரைச் சொல்ல வேண்டுமென்றால் நிஜாம் சாரைச் சொல்ல வேண்டும், பர்வீனைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் கம்பெனியில் சேர்ந்தது டெலக்ஸ் ஆபரேட்டராக. காட்பாடியில் வீடு, ஆம்பூரில் வேலை, நடுவில் பாசஞ்சர் ரயில். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மோடம் வந்தது. ஒவ்வொரு புது மெஷின் வரும்போதும் "சகுந்தலாவக் கூப்பிடு, அதுக்குத்தான் மெஷின் பாஷ தெரியும்" என்பார்கள். எனக்கு ஒரு பாஷையும் தெரியாது. வேலூரில் சாயங்கால வகுப்பில் கொஞ்சம் படித்தேன், மீதியை விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். கடைசியில் மெயில் சர்வர், ஃபயர்வால் இரண்டும் என் தலையில் வந்து உட்கார்ந்தன. மெயில் சர்வர் என்பது கம்பெனிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தங்கும் பெட்டி. ஃபயர்வால் என்பது அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் இன்னொரு பெட்டி, உள்ளே வரும் ஒவ்வொன்றையும் சோதனை போட்டு விடுவது.

ஃபயர்வால் வந்து இறங்கிய அன்று நிஜாம் சார் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது இன்னா பண்ணும் சகுந்தலாம்மா?"

"வாட்ச்மேன் மாதிரி சார்."

"நம்ம வாட்ச்மேன் மாதிரின்னா வேணாம். திருப்பி அனுப்பிடு."

நிஜாம் சார் ஏற்றுமதிப் பிரிவு மேனேஜர். மெயிலை நம்பிப் பிழைத்தது அவர் பிரிவுதான் என்பதால் எனக்கும் அவரே மேலதிகாரி. டெலக்ஸ் ஓடுகிற நேரத்துக்கெல்லாம் காசு கொடுத்த காலத்தில் வளர்ந்தவர், மெயில் வந்த பிறகும் அவர் கை இறுகியே இருந்தது. "சாம்பிள் கிடைத்தது. பரவாயில்லை. லாட் அனுப்பவும்." அவருடைய நீண்ட மெயில் இது. பிரிவில் யார் எழுதினாலும் அனுப்புவதற்கு முன் பின்னால் வந்து நின்று படிப்பார். மானிட்டர் மேலேயே விரலை வைத்து, "இந்த வார்த்த எதுக்கு? இது எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டு வெட்டுவார். எங்கள் மானிட்டர்களில் எல்லாம் அவர் விரல் தடம் இருக்கும். துடைத்து மாளாது.

அவர் போட்ட சட்டங்கள் நிறைய. இங்கே வேண்டியவை இரண்டு. ஒன்று, வெளியே போகும் மெயிலில் 'சாரி' என்ற சொல் இருக்கக் கூடாது.

"மன்னிப்ப வாயால கேளு, எழுத்துல கேக்காத. எழுத்துல கேட்டா அவன் அத ஃபைல்ல வச்சுக்குனு கிளெய்ம் போடுவான்" என்பார். கிளெய்ம் என்றால் நஷ்ட ஈடு. தோல் வியாபாரத்தில் எல்லாரும் பயப்படும் சொல் அது.

இரண்டாவது, வேலையை விட்டுப் போனவரின் மெயில் கணக்கை அன்றைக்கே மூடிவிட வேண்டும். மூடியதை மறுபடி திறக்க வேண்டுமானால், அந்த ஆளே நேரில் வந்து என் எதிரில் உட்கார்ந்து தன் கையால் புது பாஸ்வேர்டு போட வேண்டும். யார் போன் செய்தாலும், யார் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் திறக்கக் கூடாது. முன்பு ஒருவன் போன பிறகும் அவன் கணக்கு திறந்தே கிடந்து, எங்கள் விலைப்பட்டியல் ஊர் சுற்றியதால் வந்த சட்டம் இது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கும் ஒரு முறை இருந்தது. அப்டேட், ரிப்பேர் எதுவானாலும் வெள்ளிக்கிழமைதான். எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளி. ஜும்மா தொழுகைக்காக ஊரே அன்று ஓய்ந்திருக்கும். ஆபீசில் யாரும் இல்லை, மெயில் நின்றாலும் கேட்க ஆள் இல்லை. முதலில் இருக்கிற செட்டிங் முழுவதையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைப்பேன். திரும்பி வர வழி வைக்காமல் முன்னால் கால் எடுத்து வைக்கக் கூடாது. பிறகு புது அப்டேட்டில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்ற குறிப்பை வரி விடாமல் படிப்பேன். அதற்கப்புறம்தான் அப்டேட். முடிந்ததும் வெளியே ஒரு மெயில், உள்ளே ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பேன். இரண்டும் போய்ச் சேர்ந்தால் பூட்டிக்கொண்டு ரயிலுக்கு வந்துவிடுவேன். எத்தனையோ வருஷம் இந்த முறை என்னைக் கைவிட்டதில்லை.

பர்வீன் ஏற்றுமதிப் பிரிவில் இருந்த பெண். ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் அம்மாவோடு இருந்தாள், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நிஜாம் சார் வார்த்தையை வெட்டும்போது "அந்த வார்த்த இல்லன்னா அவனுக்குப் புரியாது சார்" என்று எதிர்த்துச் சொல்லும் ஒரே ஆள். அவள் கவனித்தது இத்தாலிக்காரர் ஒருவரின் ஆர்டர்களை. அவர் படப் பைத்தியம். ஷூவில் மாட்டும் ஒரு பக்கிளைப் பற்றிச் சொல்ல மேலே, கீழே, பக்கவாட்டில் என்று படமாக எடுத்து மெயிலில் அடைத்து அனுப்புவார்.

ஒரு நாள் அவரிடமிருந்து கோபமான போன் வந்தது. ஷூவின் உள் லைனிங் தோலின் நிறத்தை மாற்றச் சொல்லி முன்பே படங்களோடு மெயில் போட்டாராம். நாங்கள் பழைய நிறத்திலேயே லாட் முழுவதும் தைத்துவிட்டோம். 'உங்கள் பக்கம் வந்து சேர்ந்தது' என்ற ரசீதையும் அவர் அனுப்பிவைத்தார்.

"சத்தியமா எனக்கு வரல சார்" என்றாள் பர்வீன்.

நான் மெயில் சர்வரைத் துருவித் துருவிப் பார்த்தேன். வந்த அடையாளமே இல்லை. நிஜாம் சாரிடம் போய், "பர்வீன் சொல்றது நெசம் சார். சர்வருக்கே வரல. ஃபயர்வால் வாங்கி ரசீது குடுத்துட்டு, உள்ள குடுக்காம விட்டிருக்கலாம்" என்றேன்.

"மத்தவங்க மெயில் எதுனா காணாமப் போச்சா?"

"இல்ல சார்."

"அவ மெயில் மட்டும் போச்சு. மெஷினுக்கு பர்வீன் மேல இன்னா விரோதம்?"

அதுதான் அந்த வழக்கின் முடிச்சு. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

கொஞ்ச நாளில் அதே இத்தாலிக்காரரின் இன்னொரு மெயிலும் மறைந்தது. ஆபீசில் வாய் சும்மா இருக்குமா? வாணியம்பாடியில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறது, போகிற போக்கில் நம் ஆர்டரைக் கெடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறாள் என்று கேன்டீனில் பேசினார்கள். நிஜாம் சார் ஒரு மெயில் போட்டார். "மெயில்களைத் தவறவிட்டதற்கு பர்வீன் விளக்கம் எழுதித் தர வேண்டும்." அது பிரிவு முழுவதற்கும் போனது, இத்தாலிக்காரருக்கும் ஒரு நகல் போனது.

பர்வீன் அவர் மேஜை முன்னால் போய் நின்றாள். "செய்யாததுக்கு எழுதித் தர மாட்டேன் சார்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே அவள் கணக்கை மூடும்படி எனக்கு உத்தரவு வந்தது. மூடினேன். அந்த மாதச் சம்பளத்துக்கு மேல் அவர்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ரயிலில் வரும்போது யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஃபயர்வாலை நான் விடவில்லை. கடைசியாக எப்போது எழுந்தேன் என்று அந்தப் பெட்டி ஒரு கணக்கு காட்டும். ஒரு சனிக்கிழமை மாலை எதேச்சையாகப் பார்த்தால், அது மதியம்தான் எழுந்ததாகக் காட்டியது. நான் அதைத் தொடவே இல்லை. தானாக விழுந்து தானாக எழுந்திருக்கிறது. விழுந்தால் அதற்கு முன் நடந்ததெல்லாம் அதற்கு மறந்துவிடும், கையில் வாங்கி வைத்திருந்த மெயில் உட்பட.

ஃபயர்வாலுக்கு சர்வீஸ் செய்யும் கம்பெனியின் இன்ஜினியர் தினேஷ், சென்னைக்காரர், பொறுமையான ஆள். வழக்கம்போல வெள்ளிக்கிழமை வரவழைத்தேன். மின்சாரம் சரியில்லையோ என்று யூ.பி.எஸ்.ஸை மாற்றினார். பெட்டி நாள் முழுக்க விழவில்லை. சனிக்கிழமை விழுந்தது. அடுத்த வெள்ளி புது அப்டேட் போட்டார், அதன் குறிப்பில் 'தானாக ரீஸ்டார்ட் ஆவது சரி செய்யப்பட்டது' என்றே இருந்தது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அன்று விழவில்லை. மறுநாள் விழுந்தது. இன்னொரு வெள்ளி உள்ளே இருந்த மெமரி கார்டை மாற்றினார். நான் அனுப்பிய டெஸ்ட் மெயில்கள் பாய்ந்து பாய்ந்து போயின. சனிக்கிழமை பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்த வெள்ளி தினேஷால் வர முடியவில்லை. மச்சினி கல்யாணம். "புதன்கிழமை வந்துட்டுப் போய்டறேன் மேடம்" என்றார். வேலை நாளில் மெஷினைத் தொடுவது என் முறைக்கு விரோதம். ஆனாலும் வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

புதன்கிழமை வந்தவர் சர்வர் அறைக்குள் கால் வைத்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"இன்னா மேடம், ரூம்ல அழுகின முட்ட நாத்தம் இப்படி அடிக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே சொல்வதுதானே? "தோல் ஷாப்புல மல்லிப்பூவா மணக்கும் தினேஷ்? எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு" என்றேன்.

"வெளிய அடிக்கறது வேற மேடம். இத்தன தடவ வந்திருக்கேன், இந்த ரூம்க்குள்ள அடிச்சதே இல்லியே."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை. அறையின் ஜன்னலில் பொருத்தியிருந்த ஏ.சி.யின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த வருஷம்தான் பின்னால் இருந்த ஷெட்டைச் சுவர் வரைக்கும் நீட்டி, சுண்ணாம்பு டிரம் புதிதாகப் போட்டிருந்தார்கள். பச்சைத் தோலிலிருந்து மயிரை எடுக்க சுண்ணாம்போடு சல்ஃபைடு கலந்து போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம். அதிலிருந்து வரும் காற்றை எங்கள் ஏ.சி. உள்ளே இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் தினம் உட்கார்ந்த எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒருவருக்கும் தெரியவில்லை. ஆம்பூரில் பிழைக்கிற மூக்கு எதையும் கண்டுகொள்ளாது.

திரும்பி வந்து நிற்கும்போது அந்தப் பக்கம் டிரம்மை ஓட்ட ஆரம்பித்தார்கள். மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கியது. எங்கள் கண்ணெதிரே ஃபயர்வாலின் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன.

தினேஷ் பெட்டியைக் கழற்றினார். கரண்ட் வரும் கனெக்டரில் செம்பு மின்ன வேண்டிய இடமெல்லாம் கரியாக இருந்தது. அந்தக் காற்று செம்பைத் தின்னும், வெள்ளியைக் கறுக்க வைக்கும். என்னை அறியாமல் குனிந்து என் காலைப் பார்த்தேன். மெட்டி கறுத்து மாதக் கணக்காகிறது. வெள்ளி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். பாவம் அவர்.

பிறகு எல்லாம் புரிந்தது. கரி பிடித்த கனெக்டர் டிரம் ஓடும் அதிர்வில் ஒரு நொடி விட்டுப் பிடிக்கும், பெட்டி விழும். சின்ன மெயில்கள் கண் சிமிட்டும் நேரத்தில் சோதனை முடிந்து உள்ளே போய்விடும். நான் அனுப்பிய டெஸ்ட் மெயிலும் ஒரு வரிதான். படம் அடைத்த மெயிலைப் பிரித்துச் சோதிக்க நேரம் ஆகும், அந்த நேரத்தில் விழுந்தால் அது போனதுதான். மெஷினுக்குப் பர்வீன் மேல் விரோதம் இல்லை, இத்தாலிக்காரரின் படங்கள் மேல்தான். வெள்ளிக்கிழமை டிரம் ஓடாது. நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து பார்த்து, நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனோம்.

வேறொரு பெட்டியை முன்பக்க அறையில் வைத்து ஓட்டினோம். அது விழவே இல்லை. இத்தாலிக்காரரிடம் கேட்டு எல்லாப் படத்தையும் மறுபடி அனுப்பச் செய்தோம். ஒன்று பாக்கி இல்லாமல் வந்து சேர்ந்தது. நிஜாம் சாரிடம் கறுத்த கனெக்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை அவரே என் மேஜைக்கு வந்தார், கையில் ஒரு பிரிண்ட்.

"பர்வீனுக்கு மெயில் போட்டேன். திரும்பி வந்துடுச்சு. இது இன்னா சொல்லுது?"

பார்த்தேன். பர்வீனின் ஆபீஸ் விலாசத்துக்கு அவர் அனுப்பியிருந்தது இவ்வளவுதான்: "கோளாறு கிடைத்தது. வரவும்." அதன் மேல் எங்கள் சர்வரின் பதில்.

"அப்படி ஒருத்தர் நம்மகிட்ட இல்லன்னு சொல்லுது சார்."

"சரி, தொறந்து வுடு."

"ஆள் வந்து எதிர்ல உக்காரணும் சார். உங்க ரூல்."

என் குரலில் கோபம் இருந்தது. அவருக்கும் அது கேட்டது. "பேஜாரு" என்று மட்டும் முணுமுணுத்தார். அது என்னையா, தன்னையா என்று தெரியவில்லை. "போன் பண்ணா எடுக்க மாட்டேங்குது. நீயும் வா, ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம்."

ஆட்டோவில் போனோம். பர்வீனின் அம்மா நாற்காலி போட்டார். நிஜாம் சார் உட்காரவில்லை. நின்றபடியே, "தப்பு மெஷின் மேல. உன்ன சந்தேகப்பட்டது என் தப்பு. மனசுல வச்சுக்காத. நாளைக்கு வந்துடு" என்றார். அவர் வாயால் அவ்வளவு கேட்டதே எனக்கு அதிசயமாக இருந்தது.

பர்வீன் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மன்னிப்ப வாயால கேளுன்னு சொல்லிக் குடுத்தவரு நீங்க, கேட்டுட்டீங்க. ஆனா என் மேல பழி வாயால வரல சார், மெயில்ல வந்துச்சு. எல்லாருக்கும் வந்துச்சு, இத்தாலிக்காரனுக்கும் போச்சு. மெயில்ல போட்டத மெயில்ல எடுங்க. அப்ப வர்றேன்."

"அவன் கிளெய்ம் போடுவாம்மா."

"போடட்டும் சார். என் பேரு கம்பெனிப் பேரவிட கம்மியா?"

"உன் கணக்கத் தொறந்தாத்தானே அது உனக்கும் வரும்? நாளைக்கு வா, எழுதறேன்" என்றார். மறுநாள் காலை பர்வீன் வந்து என் எதிரில் உட்கார்ந்து, தன் கையால் புது பாஸ்வேர்டு போட்டாள். பிறகு நிஜாம் சார் தன் அறையில் மெயில் எழுத உட்கார்ந்தார். வெகு நேரம் ஆனது. யாரும் அவர் பின்னால் போய் நின்று விரல் வைக்கவில்லை. வந்த மெயில் இது, வரிக்கு வரி எனக்கு மனப்பாடம்: "பர்வீன் எந்த மெயிலையும் தவறவிடவில்லை, அழிக்கவும் இல்லை. எங்கள் ஃபயர்வாலின் கோளாறில் அவை காணாமல் போயின. விசாரிக்காமல் அவர்மேல் பழி போட்டது நான். அவரிடமும் உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஐ ஆம் சாரி." பிரிவு முழுவதற்கும் வந்தது, இத்தாலிக்காரருக்கும் போனது. பர்வீன் அதைப் படித்துவிட்டு வெளியே போனாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

இத்தாலிக்காரர் கிளெய்ம் போட்டார். அந்த விஷயத்தில் நிஜாம் சார் சொன்னது பொய்யில்லை. ஆனால் அடுத்த ஆர்டரையும் பர்வீனின் பெயருக்கே அனுப்பினார், வழக்கம்போல ஒரு கூடைப் படத்தோடு.

அந்த வாரமே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம், வேறு ஏ.சி. போட்டோம். என் முறையையும் மாற்றிக்கொண்டேன். அப்டேட் வெள்ளிக்கிழமைதான், ஆனால் சரியாகிவிட்டது என்று சொல்வது டிரம் ஓடும் நாளில், படம் அடைத்த மெயில் அனுப்பிப் பார்த்த பிறகுதான்.

ஹரிணி, சுவரை உடைப்பது உங்கள் இஷ்டம். டிரம் இன்னும் அங்கேயே ஓடினால் சாம்பிள் ரூமில் தொங்கும் பக்கிள் எல்லாம் கறுக்கும். எதற்கும் வெளியூர்க்காரர் ஒருவரை வேலை நாளில் கூட்டிவந்து அந்தச் சுவருக்குப் பின்னால் முகர்ந்து பார்க்கச் சொல். உங்கள் ஹெட் மேடத்தைக் கேட்காதே. பர்வீனுக்கும் எங்களைப் போல ஆம்பூர் மூக்குதான். மற்றபடி, அவள் ஒன்றை வரவில்லை என்று சொன்னால், வரவில்லை என்றே எடுத்துக்கொள்.